சத்துணவு ஊழியர்களின் சம்பளமும் வேலைச்சூழலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரசுப் பள்ளியில் மதியச் சாப்பாடு சமைக்கிறவர்களின் சம்பளம் பற்றிப் பேச்சு எடுத்தால் ஒரே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வரும். பெற்றோர் கேட்பது, ஆசிரியர்கள் கேட்பது, புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண்கள் கேட்பது, சண்டைக்கென்றே சிலர் கேட்பது என எல்லாவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன். தமிழ்நாட்டுச் சத்துணவு மையங்களைப் பற்றித்தான் அதிகம். பள்ளித் தூய்மைப் பணியாளர்களைப் பற்றியும் கொஞ்சம் உண்டு.

ஒரு சத்துணவு மையத்தில் யார் யார் வேலை செய்கிறார்கள்?

அமைப்பாளர் ஒருவர், சமையலர் ஒருவர், சமையல் உதவியாளர் ஒருவர். மையத்துக்கு மூவர் என்பதுதான் கணக்கு. தமிழ்நாடு முழுக்க சுமார் 43 ஆயிரம் மையங்கள் இருக்கின்றன. பிள்ளைகள் அமைப்பாளரை 'சத்துணவு டீச்சர்' என்பார்கள், மற்ற இருவரையும் 'ஆயா' என்பார்கள். பெரும்பாலும் பெண்கள். கணவரை இழந்தவர்களுக்கும் ஆதரவற்றவர்களுக்கும் முன்னுரிமை தந்து எடுக்கிற வேலை என்பதால், பல வீடுகளில் இந்தச் சம்பளம் ஒன்றுதான் வருமானம்.

இவர்கள் பள்ளி வளாகத்தில் வேலை செய்தாலும் பள்ளிக்கல்வித் துறையின் ஊழியர்கள் இல்லை. திட்டம் சமூக நலத்துறையுடையது. ஒன்றியத்தில் வட்டார வளர்ச்சி அலுவலகம் கவனிக்கிறது, மாவட்டத்தில் ஆட்சியரின் நேர்முக உதவியாளர் (சத்துணவு) கவனிக்கிறார். தினமும் மேற்பார்வை பார்ப்பது தலைமையாசிரியர். இத்தனை பேர் கேள்வி கேட்கலாம். சமையலறையில் தண்ணீர்க் குழாய் உடைந்தால் யாரிடம் சொல்வது என்று மட்டும் தெரியாது.

அரை நாள் வேலைதானே? அதற்கு எதற்கு முழுச் சம்பளம்?

இந்தக் கேள்விதான் எல்லாவற்றுக்கும் வேர். அரசு ஆவணங்களிலேயே இவர்கள் 'பகுதி நேர' ஊழியர்கள். அந்த ஒரு முத்திரையை வைத்துத்தான் குறைந்த சம்பளமும் குறைந்த ஓய்வூதியமும் நியாயப்படுத்தப்படுகின்றன. அதனால் ஒரு நாள் வேலையை விரித்துப் பார்த்துவிடலாம்.

120 பிள்ளைகள் சாப்பிடும் ஒரு நடுநிலைப் பள்ளியை எடுத்துக்கொள்வோம். தொடக்க வகுப்புப் பிள்ளைக்கு 100 கிராம் அரிசி, ஆறு முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு 150 கிராம். தொடக்க வகுப்பில் 80 பேர், மேல் வகுப்பில் 40 பேர் என்றால் 14 கிலோ அரிசி. அன்று செவ்வாய்க்கிழமை, கொண்டைக்கடலை புலவும் தக்காளி மசாலா முட்டையும் போட வேண்டிய நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடலையை முந்தின நாளே ஊறப்போட்டிருக்க வேண்டும். காலை எட்டரைக்கு வந்து கூட்டிக் கழுவி, தண்ணீர் பிடித்து, அரிசியில் கல் பொறுக்கிக் களைந்து, வெங்காயமும் தக்காளியும் நறுக்க வேண்டும். 120 முட்டையை வேகவைக்க வேண்டும். வெந்த முட்டை சூடாக இருக்கும்போதே உரித்தால்தான் ஓடு சுலபமாக வரும். ஆறவைத்து உரிக்க நேரமும் கிடையாது. விரல் நுனி சிவந்துபோகும். உடைந்த முட்டையைத் தட்டில் வைத்தால் பிள்ளை வாங்காது, அதனால் நிதானமாகத்தான் உரிக்கவும் முடியும்.

பன்னிரண்டு மணிக்குள் அண்டா இறங்க வேண்டும். பிள்ளைகளுக்குப் போடும் முன் சாப்பிட்டுப் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். வரிசையாகப் பரிமாறி, இரண்டாவது தடவை கேட்கிறவர்களுக்கும் போட்டு முடிக்க ஒன்றரை ஆகும். அப்புறம் அடிபிடித்த அண்டாவைத் தேய்க்கிற வேலை. அதற்குக் குனிந்து அண்டாவுக்குள்ளேயே பாதி உடம்பு போக வேண்டும். வீட்டுக்குக் கிளம்பும்போது மணி இரண்டரை, மூன்று. ஆறு மணி நேரத்துக்குக் குறையாத வேலை. இடையில் உட்கார்ந்த நேரம் என்று சொன்னால் வெங்காயம் நறுக்கிய நேரம்தான். வேறு வேலைக்குப் போக மீதி நாள் மிஞ்சுவதும் இல்லை.

இன்னொன்று. ஒன்றிய அரசின் அளவுகோல்படி 25 பிள்ளைகள் வரை ஒரு சமையலர், 26 முதல் 100 வரை இருவர், அதற்கு மேல் ஒவ்வொரு நூறு பிள்ளைகளுக்கும் கூடுதலாக ஒருவர். 120 பிள்ளைகளுக்கு மூவர். நம் மையத்தில் அடுப்பருகே நிற்பவர்கள் இருவர்தான். கணக்குப் பதிவேடு எழுதும் அமைப்பாளரையும் சேர்த்து எண்ணினால்தான் மூன்று வரும்.

உண்மையில் சம்பளம் எவ்வளவு?

2017 ஊதியத் திருத்தத்துக்குப் பிறகு சிறப்புக் காலமுறை ஊதியம் (அரசு ஊழியரின் வழக்கமான விகிதத்துக்கு வெளியே, இவர்களுக்கென்று வைத்த தனி ஊதிய விகிதம்) இப்படி: அமைப்பாளருக்கு ரூ.7,700 – 24,200, சமையலருக்கு ரூ.4,100 – 12,500, சமையல் உதவியாளருக்கு ரூ.3,000 – 9,000. இதற்கு மேல் அகவிலைப்படி உண்டு. 58 சதவீத அகவிலைப்படியில் கணக்குப் போட்டால், தொடக்க நிலையில் இருக்கும் உதவியாளருக்கு 3,000 ரூபாயோடு 1,740 சேர்ந்து 4,740 ரூபாய் வருகிறது.

புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அதுவும் உடனே இல்லை. 2024 டிசம்பரில் 8,997 சமையல் உதவியாளர் பணியிடங்களை நிரப்ப அரசு ஆணையிட்டது. முதல் 12 மாதம் தொகுப்பூதியமாக, அதாவது படி எதுவும் சேராத ஒரே தொகையாக, 3,000 ரூபாய், வேலை திருப்தியாக இருந்தால்தான் பிறகு சிறப்புக் காலமுறை ஊதியம் என்பது நிபந்தனை. மாதம் 22 வேலை நாள் என்று வகுத்தால் ஒரு நாளைக்கு 136 ரூபாய். நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2025-26க்கு அறிவிக்கப்பட்ட கூலி நாளுக்கு 336 ரூபாய். ஏரியில் மண் வெட்டுவது சுலபம் என்று சொல்லவில்லை. இரண்டுமே அரசு தரும் வேலை, இரண்டுக்கும் ஆள் எடுப்பது அதே ஊரில், அதே வீடுகளில் இருந்து. அப்படியிருக்க ஒன்றின் கூலி மற்றதில் பாதிகூட இல்லை என்பதுதான் விஷயம்.

ஒன்றிய அரசும் பணம் தருகிறதே?

தருகிறது. சமையலர்-உதவியாளருக்கு மாதம் 1,000 ரூபாய், அதுவும் வருஷத்தில் 10 மாதத்துக்குத்தான். 2009 டிசம்பரில் வைத்த தொகை. 2021ல் திட்டத்தின் பெயரை பி.எம். போஷன் என்று மாற்றினார்கள். தொகை மாறவில்லை. அந்த ஆயிரத்திலும் ஒன்றிய அரசின் பங்கு 60 சதவீதம், மீதி மாநிலத்துடையது.

மாநிலங்கள் தங்கள் கையிலிருந்து எவ்வளவு சேர்க்கின்றன என்பதில்தான் வித்தியாசம். சேர்ப்பதில் தமிழ்நாடு பல மாநிலங்களைவிட மேல். அதை மறைத்துப் பேசினால் நம் வாதம்தான் பலவீனமாகும். கேரளத்தில் வேலை நாளுக்கு 600 ரூபாய்க்கு மேல் தருகிறார்கள். ஆனால் அங்கே 500 பிள்ளைகள் வரை ஒரே சமையலர் என்று வைத்திருக்கிறார்கள். பலர் தங்கள் கூலியிலிருந்தே துணைக்கு ஆள் வைத்துச் சமைக்கிறார்கள். ஆகவே 'கேரளம் மாதிரி கொடு' என்று மட்டும் கேட்டால் போதாது. கூலியோடு ஆள் எண்ணிக்கையையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

இவர்கள் அரசு ஊழியர்களா, இல்லையா?

வேலை வாங்கும்போது ஆம், சலுகை கேட்கும்போது இல்லை. வேறு சுருக்கமான பதில் எனக்குத் தெரியவில்லை. மாவட்ட நிர்வாகம் நியமிக்கிறது, இடமாறுதல் செய்கிறது, தற்காலிகப் பணிநீக்கம் செய்கிறது. ஆனால் அரசு ஊழியருக்கான காலமுறை ஊதியம் இல்லை, அந்த ஓய்வூதியமும் இல்லை. சங்கங்கள் பல ஆண்டுகளாக 'வரையறுக்கப்பட்ட காலமுறை ஊதியம்' கேட்பது இந்த இடைவெளியை மூடத்தான்.

குறைந்தபட்சக் கூலிச் சட்டம் இவர்களுக்குப் பொருந்தாதா?

சமையலர்கள் 'தன்னார்வலர்கள்', அவர்கள் வாங்குவது 'மதிப்பூதியம்' என்பதே ஒன்றிய அரசின் நிலைப்பாடு. கூலி இல்லை என்று சொல்லிவிட்டால் குறைந்தபட்சக் கூலி என்ற பேச்சே எழாது அல்லவா? 2013 மே மாதம் நடந்த 45வது இந்தியத் தொழிலாளர் மாநாடு, சத்துணவு, அங்கன்வாடி, ஆஷா ஊழியர்களைத் தொழிலாளர்களாக ஏற்று, குறைந்தபட்சக் கூலியும் சமூகப் பாதுகாப்பும் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. அது அரசு, முதலாளிகள், தொழிற்சங்கங்கள் மூன்று தரப்பும் உட்காரும் மாநாடு. பரிந்துரை அப்படியே நிற்கிறது.

2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த ஊதியச் சட்டத்தொகுப்பு குறைந்தபட்சக் கூலியின் வரம்பை எல்லா வேலைகளுக்கும் விரித்திருக்கிறது. ஆனால் முதலில் 'இவர் ஊழியர்' என்று ஒப்புக்கொள்ள வேண்டும். சண்டை மறுபடியும் அதே இடத்தில்தான் வந்து நிற்கிறது.

நீதிமன்றங்கள் என்ன சொல்லியிருக்கின்றன?

இரண்டு பக்கமும் சொல்லியிருக்கின்றன. கர்நாடகத்தின் அமீர்பீ வழக்கில், 2006ல், அங்கன்வாடிப் பணியாளர்கள் அரசுப் பதவி வகிப்பவர்கள் இல்லை என்றது உச்ச நீதிமன்றம். அதை வைத்துத்தான் அரசுகள் இன்றும் வாதாடுகின்றன.

மறுபக்கம் மூன்று தீர்ப்புகளை நினைவில் வைத்துக்கொள்ளலாம். 2020 டிசம்பரில் அலகாபாத் உயர் நீதிமன்றம், உத்தரப் பிரதேசத்தில் பள்ளிச் சமையலருக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுப்பது அரசியலமைப்பின் 23வது பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பு என்று சொல்லி, குறைந்தபட்சக் கூலி தர உத்தரவிட்டது. இமாச்சலப் பிரதேச உயர் நீதிமன்றம், 10 மாதத்துக்குப் பதில் 12 மாதமும் சம்பளம் தரச் சொன்னது. 2022 ஏப்ரல் 25 அன்று மணிபென் வழக்கில் உச்ச நீதிமன்றம், அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் உதவியாளர்களுக்கும் 1972 பணிக்கொடைச் (கிராஜுவிட்டி) சட்டம் பொருந்தும் என்றது.

மூன்றாவது தீர்ப்பு நேரடியாகச் சத்துணவு ஊழியர்களைப் பற்றியது இல்லை. ஆனால் வேலையின் தன்மையையும் நேரத்தையும் பார்த்து, இதைப் பகுதி நேர வேலை என்று தள்ளிவிட முடியாது என்று அந்த நீதிபதிகள் யோசித்த விதம் நமக்கு அப்படியே உதவும்.

ஓய்வு பெறும்போது என்ன கிடைக்கும்?

நீண்ட காலமாக இருந்தது இது: அமைப்பாளருக்கு ஒட்டுமொத்தத் தொகை 1 லட்சம், சமையலருக்கும் உதவியாளருக்கும் 50 ஆயிரம், சிறப்பு ஓய்வூதியம் மாதம் 2,000 ரூபாய். ஓய்வை நெருங்கியிருப்பவர்கள் இன்றைய அரசாணையை ஒன்றிய அலுவலகத்தில் கேட்டு வாங்கிப் படியுங்கள். பழைய கணக்கை நம்பி உட்கார வேண்டாம்.

பணிக்கொடைச் சட்டம் பொருந்தினால் என்ன ஆகும்? 25 வருஷம் வேலை பார்த்த சமையலரின் கடைசி அடிப்படைச் சம்பளம் 6,000, அகவிலைப்படியோடு 9,480 என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 15 நாள் சம்பளம், மாதத்துக்கு 26 நாள் என்ற கணக்கில் ஏறத்தாழ 1 லட்சத்து 37 ஆயிரம். சம்பளமே குறைவாக இருக்கும்போதே இவ்வளவு. 50 ஆயிரத்தை இதன் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

அரிசி, முட்டையைத் திருடுகிறார்கள் என்கிறார்களே?

சில இடங்களில் நடக்கிறது, பிடிபட்டால் நடவடிக்கையும் வருகிறது. அதற்காகப் பரிந்து பேசத் தேவையில்லை. ஆனால் இதே கேள்வியைப் புரட்டியும் கேட்கலாம். அரிசி, பருப்பு, எண்ணெய், முட்டை அரசிடமிருந்து வரும். காய்கறி, மளிகைச் சாமான்கள், விறகு அல்லது எரிவாயுவுக்கு ஒரு பிள்ளைக்கு இவ்வளவு என்று உணவூட்டுச் செலவுத் தொகை வரும். அந்தத் தொகை தாமதமாகும் மாதங்களில் தக்காளி யார் காசில் வருகிறது? அமைப்பாளரின் காசில், இல்லாவிட்டால் மளிகைக் கடைக் கடனில். தக்காளி கிலோ நூறைத் தாண்டிய மாதங்களில் விலைக்கேற்ப அந்தத் தொகை தானாக ஏறவில்லை.

மாதக் கணக்கைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் வாசிக்கச் சொல்லுங்கள். திருட்டு இருந்தாலும் தெரியும், சொந்தக் காசு போட்டதும் தெரியும்.

'கூடுதல் பொறுப்பு' என்றால் என்ன?

காலிப்பணியிடத்தை நிரப்பாமல், பக்கத்து மையத்தையும் ஒரே அமைப்பாளர் தலையில் கட்டுவது. காலையில் ஒரு பள்ளியில் அரிசி அளந்து கொடுத்துவிட்டு இன்னொரு பள்ளிக்குப் பஸ் பிடிக்க வேண்டும். பதிவேடு இரண்டு, தணிக்கை இரண்டு. ஏதாவது பிசகு நடந்தால் விளக்கம் கேட்கும் நோட்டீசும் இரண்டு.

சமையலறைப் பாதுகாப்பு உண்மையிலேயே பெரிய பிரச்சினையா?

2004 ஜூலை 16. கும்பகோணம் பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகள் இறந்தார்கள். தீ தொடங்கியது சத்துணவு சமைத்த கூரைக் கொட்டகையில். அதன் பிறகுதான் பள்ளிகளில் ஓலைக் கூரைகளை அகற்றினார்கள்.

அந்த வழக்கில் 2014ல் தஞ்சாவூர் நீதிமன்றம் தண்டித்தவர்களில் பள்ளி நிறுவனரோடு, சத்துணவு அமைப்பாளரும் சமையலரும் இருந்தார்கள். மேல்முறையீட்டில் பல தண்டனைகள் பிறகு குறைந்தன. இழந்த குழந்தைகளுக்கு முன்னால் எந்தச் சமாதானமும் எடுபடாது. அஜாக்கிரதைக்குப் பொறுப்பு உண்டு. ஆனாலும் எனக்கு இது உறுத்துகிறது: கூரை எப்படி இருக்க வேண்டும், அடுப்பு எங்கே இருக்க வேண்டும் என்று முடிவெடுக்கும் அதிகாரம் சமையலருக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. பொறுப்பு மட்டும் இருக்கிறது. அதனால்தான் சமையலறை ஓட்டை, கசியும் ரெகுலேட்டர், புகை போக வழியில்லாத சுவர் எல்லாவற்றையும் எழுத்தில் கொடுங்கள், தேதியோடு. வாயால் சொன்னதற்குச் சாட்சி கிடையாது.

சமையலர் சாதியைச் சொல்லித் தடுத்தால்?

2004 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சமையலர் நியமனத்தில் தலித்துகளுக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை தரச் சொன்னது. 2018ல் திருப்பூர் மாவட்டம் அவிநாசி பக்கம், திருமலைக்கவுண்டம்பாளையத்தில் தலித் சமையலர் ஒருவர் சமைக்கக் கூடாது என்று ஊர்க்காரர்கள் பள்ளியை முற்றுகையிட்டார்கள். அவரை வேறு பள்ளிக்கு மாற்றவும் உத்தரவு போட்டார்கள்; எதிர்ப்புக் கிளம்பிய பிறகுதான் அது ரத்தானது.

இங்கே கவனிக்க வேண்டியது அந்த இடமாறுதல்தான். தகராறு செய்தவர்களை விட்டுவிட்டுப் பாதிக்கப்பட்டவரை நகர்த்துவது அதிகாரிகளுக்குச் சுலபமாக இருக்கிறது. அப்படி நடந்தால் மாறுதல் உத்தரவை வாயை மூடிக்கொண்டு வாங்காதீர்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் காவல் நிலையத்தில் புகார், ஆட்சியருக்கு மனு, இரண்டும் அன்றைக்கே போக வேண்டும்.

காலை உணவுத் திட்டம் வந்த பிறகு இவர்களுக்கு வேலை, சம்பளம் கூடியதா?

இல்லை. 2022 செப்டம்பர் 15ல் மதுரையில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் சமைப்பவர்கள் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள். 'எங்களிடமே கொடுங்கள், முழு நேர ஊழியராக்குங்கள்' என்று சத்துணவுச் சங்கங்கள் கேட்டன. நியாயமான கேள்விதான். ஆனால் குழுப் பெண்களை எதிரியாக்கி அதைக் கேட்கக் கூடாது; அவர்கள் நிலைமை இன்னும் மோசம், காலமுறை ஊதியம் என்ற பேச்சே அவர்களுக்கு இல்லை. இரு தரப்பும் ஒரே மேடையில் உட்கார்ந்தால் கோரிக்கைக்கு எடை கூடும்.

வேலைநிறுத்தம் செய்தால் பிள்ளைகள் பட்டினி கிடக்காதா?

இந்தக் கேள்வி ஊழியர்களையும் உறுத்துகிறது. அதனால்தான் பெரும்பாலும் மாலை நேர ஆர்ப்பாட்டம், விடுமுறை நாள் மறியல், ஒருநாள் தற்செயல் விடுப்பு என்று போகிறார்கள். முழு வேலைநிறுத்தம் வந்தால் அரசு மாற்று ஆள் வைத்துச் சமைக்கும், 'வேலை இல்லையேல் சம்பளம் இல்லை' என்று சுற்றறிக்கை விடும். 2003ல் அரசு ஊழியர் வேலைநிறுத்தத்தின்போது, அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதை இவர்கள்மீது வீசுகிறவர்களைப் பார்த்து ஒன்று கேட்கலாம்: அப்படியானால் இவர்கள் அரசு ஊழியர்கள்தானா?

பள்ளித் தூய்மைப் பணியாளர்கள்?

கழிப்பறை கழுவுகிறவர்கள் சத்துணவு ஊழியரைவிடக் கீழே நிறுத்தப்பட்டிருக்கிறார்கள். தொடக்கப் பள்ளிகளில் மாதம் ஆயிரம் ரூபாய்க்கு ஆள் வைத்த நடைமுறைதான் பல ஆண்டுகள் இருந்தது. அதுவும் மாதாமாதம் கைக்கு வராது, நாலைந்து மாதம் சேர்ந்து வரும். கையுறை, பிளீச்சிங் பவுடர், துடைப்பம் கேட்டால் தலைமையாசிரியர் தன் பையிலிருந்து எடுப்பார், அல்லது இல்லை என்பார். சங்கமும் பலமாக இல்லை. சத்துணவு ஊழியர்களின் மனுவில் இவர்களுக்கும் ஒரு பத்தி சேர்ப்பது பெரிய காரியமில்லை.

மூன்று பேர் வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொந்தரவுப் புகார் எங்கே கொடுப்பது?

பத்துப் பேருக்குக் குறைவான பணியிடம் என்றால், 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி மாவட்ட அளவில் அமைத்திருக்கும் உள்ளூர்க் குழுவுக்குக் கொடுக்கலாம். ஆட்சியர் அலுவலகத்தில் விவரம் கேளுங்கள்.

நான் ஒரு பெற்றோர். என்னால் என்ன செய்ய முடியும்?

நிறைய. ஊழியர் கேட்டால் 'சம்பளத்துக்காகக் கேட்கிறார்' என்பார்கள். பெற்றோர் கேட்டால் அது பிள்ளையின் சாப்பாட்டுப் பிரச்சினை ஆகிவிடும்.

முதலில் ஒரு மதியம் போய்ப் பாருங்கள். எத்தனை பிள்ளைகள், எத்தனை பேர் சமைக்கிறார்கள், குழாய் இருக்கிறதா, விறகா எரிவாயுவா, எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்குப் போகிறார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் தாளைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் வைத்துத் தீர்மானமாக்குங்கள். அடுத்தது கிராம சபை. மே 1 கிராம சபை தொழிலாளர் தினத்தன்றே வருகிறது, இதைப் பேச அதைவிட நல்ல நாள் இல்லை. 'ஊதிய உயர்வு வேண்டும்' என்று பொதுவாக எழுதினால் அப்படியே தூங்கும். 'எங்கள் பள்ளியில் 120 பிள்ளைகள், சமைக்க ஒருவர்தான், உதவியாளர் பணியிடம் இந்தத் தேதியிலிருந்து காலி, அதை நிரப்ப வேண்டும்' என்று எழுதினால் யாராவது பதில் சொல்லியே ஆக வேண்டும்.

பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, வட்டார வளர்ச்சி அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பம் போடுங்கள். ஒன்றியத்தில் மொத்தம் எத்தனை பணியிடம், எத்தனை காலி, எத்தனை அமைப்பாளர்கள் கூடுதல் பொறுப்பில் இருக்கிறார்கள், கடந்த ஆறு மாத உணவூட்டுச் செலவுத் தொகை எந்தெந்தத் தேதியில் மையங்களுக்குப் போனது என்ற நாலு கேள்வி போதும். 30 நாளில் பதில் தர வேண்டும். விண்ணப்பத்தை ஊழியர் பெயரில் போடாதீர்கள், உங்கள் பெயரில் போடுங்கள்; அடுத்த வாரம் இடமாறுதல் உத்தரவு வந்து நிற்கப்போவது அவர் வீட்டு வாசலில்தான். பதில் வந்ததும் ஒரு நகலை ஊழியர் சங்கத்துக்குக் கொடுங்கள், இன்னொன்றை எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை ஆட்சியரின் மக்கள் குறைதீர் நாளுக்குப் போங்கள். தனியாகப் போக வேண்டாம், நாலைந்து அம்மாக்கள் சேர்ந்து போங்கள். மனு கொடுத்ததற்கு எண் போட்ட ஒப்புகைச் சீட்டு வாங்காமல் அங்கிருந்து கிளம்பாதீர்கள்.